பக்கவாட்டில் ஒரு துளை: கேம் பாயும் அதன் கேபிளும்

"1989-ல் வந்த அந்தச் சாம்பல் நிறக் கேம் பாய் எப்படி எல்லாரையும் ஜெயித்தது?" என்று கையடக்க வீடியோ கேம் பைத்தியங்கள் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பேட்டரி. சரியான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பாதி பதில் என்பது என் கட்சி. மீதிப் பாதி அந்தக் கருவியின் பக்கவாட்டில், நகத்தளவு இடத்தில், பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு துளையில் இருக்கிறது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைச் செருகுவதற்கான துளை. விலை, பேட்டரி, கேபிள் மூன்றும் ஒரே கதை. அந்தக் கதைக்கு நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்.

குன்பே யோகோய். 1941-ல் கியோட்டோவில் பிறந்தவர், தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1965-ல் உள்ளூர்க் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்கிறார். அந்தக் கம்பெனிதான் நின்டெண்டோ. 1889-ல் ஆரம்பித்த, பூப்படம் போட்ட ஹனாஃபுடா சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. யோகோயின் வேலை சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை (நம் வகுப்பில் பாதிப் பேருக்கு இது ஆறுதலாக இருக்கும்). பொழுது போகாமல், மடக்கி நீட்டினால் தூரத்திலிருக்கும் பொருளைப் பிடித்து எடுக்கும் ஒரு பொம்மைக் கையைத் தனக்காகச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தவருக்கு, இதை விற்பனைக்குத் தயார் செய் என்று உத்தரவு வந்தது. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இயந்திரப் பராமரிப்பு ஆசாமி பொம்மை வடிவமைப்பாளர் ஆன கதை இது.

அடுத்த திருப்பம் ரயிலில். புல்லட் ரயிலில் போகும்போது, அலுவலகம் முடிந்து திரும்பும் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதை யோகோய் பார்க்கிறார். பெரியவர்களும் யாருக்கும் தெரியாமல் கையில் வைத்து விளையாட ஏதாவது வேண்டும் என்று தோன்றுகிறது. பிறகு ஒருநாள் யமாவுச்சியின் கார் ஓட்டுநர் வராததால் யோகோய் காரை ஓட்ட நேர்ந்து, போகிற வழியில் இந்த யோசனையைச் சொல்லிவைத்தார். யமாவுச்சி போன கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷார்ப் நிறுவனத் தலைவர். அப்போது ஷார்ப்பும் காசியோவும் கால்குலேட்டரை யார் மெலிசாக, மலிவாகச் செய்வது என்று மல்லுக்கட்டி ஓய்ந்திருந்த நேரம். ஷார்ப்பிடம் எல்.சி.டி. திரை தயாரிக்கும் வசதி நிறைய இருந்தது. 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். 1991 வரை வந்த இந்த வரிசை மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றது. 1982-ல் இதே வரிசையில் வந்த 'டாங்கி காங்' கருவிக்காகத்தான் கூட்டல் குறி மாதிரியான அந்தத் திசைப் பொத்தானை யோகோய் வடிவமைத்தார். இன்றைக்கும் உங்கள் கன்ட்ரோலரின் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருப்பது அதன் வம்சம்தான்.

இந்த மனிதரின் கொள்கை ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் அவர் பயன்படுத்திய சொற்களுக்கு 'வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது' என்று தோராயமாக அர்த்தம். புதுசாக வந்த, விலை கூடிய சரக்கின் பின்னால் ஓடாதே. எல்லோரும் பழசு என்று ஒதுக்கிய, விலை இறங்கிய, கோளாறெல்லாம் தீர்ந்துபோன சரக்கை எடு. அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து. கால்குலேட்டர் திரையில் விளையாட்டு விட்டது அப்படித்தான்.

இப்போது 1989. யோகோயும் சடோரு ஒகாடாவும் இருந்த குழு ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாயை இறக்குகிறது. விலை 12,500 யென். ஜூலை மாதம் அமெரிக்காவில் சுமார் 90 டாலர். 8 பிட் சிப், வேகம் 4 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், நினைவகம் 8 கிலோபைட். திரை 160-க்கு 144 புள்ளிகள், பாசி படிந்த குளம் மாதிரி ஒரு பச்சையில் நான்கு சாயல்கள். பின்னால் விளக்கு கிடையாது. வேகமாக எதுவும் நகர்ந்தால் பின்னால் ஒரு பேய் நிழல் இழுத்துக்கொண்டே போகும். அந்தக் காலத்துக்கே இது பழைய சரக்கு.

அதே வருடம் செப்டம்பரில் அடாரி லிங்ஸ் வந்தது. அமிகா கணினியை வடிவமைத்தவர்களில் இருவர், டேவ் நீடிலும் ஆர்.ஜே. மைக்கலும், எபிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியது. வண்ணத்திரை, பின்விளக்கு, சித்திரங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வித்தையெல்லாம் உண்டு. விலை சுமார் 180 டாலர், கேம் பாயைப் போல இரண்டு மடங்கு. 1990-ல் சேகாவின் கேம் கியர். அதுவும் வண்ணம், அதுவும் விளக்கு. கூடவே டி.வி. பார்க்க ஒரு டியூனர் கூட தனியாகக் கிடைத்தது! விளம்பரங்களில் கேம் பாயின் நிறமில்லாத திரையைச் சேகா வெளுத்து வாங்கியது. ஆனால் இரண்டும் ஆறு பேட்டரி சாப்பிட்டு (ரிமோட்டுக்குப் போடுவோமே, அந்த அளவு) நாலு ஐந்து மணி நேரத்தில் 'இன்னும் போடு' என்று கேட்கும். கேம் பாய்க்கு நாலு பேட்டரி. பத்து மணி நேரத்துக்குக் குறையாது, பெரும்பாலும் பதினைந்தையும் தாண்டும். ஒரு குழந்தையின் பாக்கெட் மணியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் சொல்லும் கதை இங்கே முடிகிறது. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

கேபிள் கேம் பாயிடம் மட்டும் இருந்ததா? இல்லை. லிங்ஸிடமும் இருந்தது. சொல்லப்போனால் அதைவிட நல்ல கேபிள், இரண்டு பேருக்கு மேல் தொடர்ச்சியாகக் கோக்கலாம். கேம் கியருக்கும் தனியாக ஒன்று விற்றார்கள். அப்புறம் ஏன் அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை? ஒரு சின்ன விஷயம்: கேபிளுக்கு இரண்டு முனை. மறுமுனையில் இன்னொருவரிடம் அதே கருவி இருக்க வேண்டும். 180 டாலர் கருவியை வாங்கிய பையன் அதன் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தாலும் மறுமுனைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். 90 டாலர் கருவியென்றால் அடுத்த பெஞ்சிலேயே ஒருவன் இருப்பான். பழைய சரக்கைப் போட்டு விலையைக் குறைத்ததன் உண்மையான லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்குப் பணம் மிச்சமானது ஒரு பக்கம். கேபிளின் இரண்டு முனைக்கும் ஆள் கிடைத்தது இன்னொரு பக்கம்.

அமெரிக்காவில் ஆரம்பத்தில் விற்ற பெட்டியில் கருவி, பேட்டரி, இயர்போன் இவற்றோடு கேபிளும் வந்தது. கூடவே டெட்ரிஸ். அலெக்சி பஜித்னோவ் 1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் எழுதிய விளையாட்டு. அதன் கையடக்க உரிமைக்காக ஹென்க் ராஜர்ஸ் 1989 பிப்ரவரியில் மாஸ்கோவுக்கே போய் இறங்கினார். பெட்டிக்குள் மரியோவை வைக்கலாமா டெட்ரிஸை வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவிடம் ராஜர்ஸ் சொன்ன வாதம்: சின்னப் பையன்கள் போதுமென்றால் மரியோ, எல்லோரும் வேண்டுமென்றால் டெட்ரிஸ். அரகாவா ஒத்துக்கொண்டார். (எழுதிய பஜித்னோவுக்கு 1996 வரை ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. அது தனிக் கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.)

நம் ஊரில் 90-களில் பொருட்காட்சியிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் விற்ற 'பிரிக் கேம்' ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் சித்தப்பா, மாமாவுக்கு இருக்கும். பெட்டியில் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப அதே கொஞ்சம்தான். அதில் நாம் அடுக்கிய கட்டைகள் டெட்ரிஸின் நகல். ஆனால் நம் பிரிக் கேமில் பக்கத்தில் துளை கிடையாது. கேம் பாய் டெட்ரிஸில் கேபிள் போட்டால், நீங்கள் இரண்டு மூன்று வரிசையைச் சேர்த்து அழிக்கும்போது எதிராளியின் திரையில் கீழிருந்து குப்பை வரிசைகள் எழும்பும். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தனியாக அடுக்குவதற்கும் இதற்கும் எத்தனை வித்தியாசம்!

அந்தக் கேபிள் வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே, ஆளுக்கு எட்டுச் சோழி கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள. ஒருவர் தாளம் போடுவார். ஒவ்வொரு தாளத்துக்கும் நான் உனக்கு ஒரு சோழி, அதே கணத்தில் நீ எனக்கு ஒரு சோழி. எட்டுத் தாளம் முடிந்தால் உன் எட்டும் என்னிடம், என் எட்டும் உன்னிடம். கேம் பாய் அப்படித்தான் பேசும். நொடிக்கு 8192 தாளம், அதாவது நொடிக்கு ஒரு கிலோபைட். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. கொடுக்கிற அதே நேரத்தில் ஏதாவது ஒன்று உள்ளே வந்தே தீரும். அந்த மின்சுற்றே ஒரு பண்டமாற்று.

ஆனாலும் முதல் சில வருடங்கள் கேபிளைப் பெரும்பாலும் சண்டைக்குத்தான் பயன்படுத்தினார்கள். யார் முதலில் வருவது, யார் யாரை அடிப்பது. இதை வேறு மாதிரி பார்த்தவர் சடோஷி தாஜிரி. டோக்கியோவின் ஓரத்தில் மச்சிடாவில் வண்டு, பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடமாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர். கேம் பாய் கேபிளைப் பார்த்தபோது அதன் வழியாக ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதுபோல் கற்பனை வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடிதடிக்கு வைத்த கம்பியில் கொடுக்கல் வாங்கல்! அந்தக் கற்பனையைச் செய்து முடிக்க அவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனத்துக்குச் சுமார் ஆறு வருடம் பிடித்தது.

1996 பிப்ரவரி 27. போக்கிமான் ரெட், கிரீன் என்று இரண்டு கார்ட்ரிட்ஜ்கள். கேம் பாய்க்கு அப்போது ஏழு வயது; அந்தக் கணக்கில் கிழடு. இரண்டு கார்ட்ரிட்ஜிலும் ஒரே கதைதான், ஆனால் சில ஜீவன்கள் ஒன்றில் மட்டும்தான் அகப்படும். காடாப்ரா மாதிரி சில, இன்னொருவருக்குக் கைமாறினால்தான் அடுத்த உருவத்துக்கே வளரும். எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து ஆடினாலும் பட்டியல் நிறையாது. நண்பன் வேண்டும், கேபிள் வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் ஒளிந்திருந்த 151-வது ஜீவன் 'மியூ' இன்னும் சுவாரஸ்யம். சோதனைக்காக வைத்த நிரல்களை அழித்ததும் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் ஷிகேகி மொரிமோட்டோ அதைச் செருகிவிட்டார். பிறகு கோரோகோரோ பத்திரிகை போட்டி வைத்து 20 பேருக்கு மட்டும் அதைக் கொடுத்தது. ஆரம்பத்தில் நிதானமாகப் போன விற்பனை, பள்ளிக்கூட வாய்வழிச் செய்தியிலேயே ஏறிக்கொண்டு போனது.

மாற்றிக்கொள்ளும்போது உள்ளே நடப்பதும் வேடிக்கை. நீங்கள் எதைக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே உங்கள் ஆறு பேர் கொண்ட முழு அணியின் விவரமும் எதிராளியின் கருவிக்குள் போய்விடும், அவனுடையது உங்களிடம் வந்துவிடும். அப்புறம் எந்த ஒன்று நிஜமாக இடம் மாற வேண்டும் என்ற பேச்சுவார்த்தை மட்டும்தான். சரியான நொடியில் ஒருவன் கருவியை அணைத்தால் அதே ஜீவன் இரண்டு பக்கமும் இருக்கும். இந்தத் திருட்டு வித்தையைக் குழந்தைகள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா என்ன!

இந்த இடத்தில் யோகோயிடம் திரும்ப வேண்டும். 1995-ல் அவர் பொறுப்பில் விர்ச்சுவல் பாய் வந்தது. மேசைமேல் நிறுத்தி, கண்ணை அதில் புதைத்து, சிவப்பும் கருப்புமாக முப்பரிமாணம் பார்க்கும் கருவி. பத்து லட்சம்கூட விற்காமல் படுத்துவிட்டது. அதிலும் இணைப்புக் கேபிளுக்கு ஒரு துளை வைத்திருந்தார்கள். ஆனால் கேபிள் கடைசி வரை வெளிவரவே இல்லை! இரண்டு பேர் சேர்ந்தால்தான் விளையாட்டு என்று நிரூபித்த குழுவிடமிருந்து, ஒவ்வொருவரையும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைக்கும் ஒரு கருவி. எனக்கு இது புரிவதே இல்லை.

1996 ஜூலையில் அவர் கைவண்ணத்தில் கேம் பாய் பாக்கெட் வந்தது. மெலிசு, தெளிவான திரை, இரண்டே சின்ன பேட்டரி. ஆனால் துளையின் அளவையும் சுருக்கிவிட்டார்கள், பழைய கேபிள் அதில் சேராது, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். ஜப்பானில் பிள்ளைகள் எல்லாம் கேபிளுக்கு அலைந்துகொண்டிருந்த அதே வருடம் பார்த்து! ஆகஸ்டில் யோகோய் 31 வருட வேலையை விட்டு விலகினார். விர்ச்சுவல் பாய் தோல்விக்குத் தண்டனை என்று ஊர் பேசியது. விலகுவது முன்பே தீர்மானித்தது என்பது அவர் தரப்பு. கோட்டோ என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவியில் இறங்கினார். 1997 அக்டோபர் 4 அன்று ஹொகுரிகு விரைவுச்சாலையில் ஒரு சிறு மோதலுக்குப் பிறகு காரைவிட்டு இறங்கியவர்மேல் இன்னொரு வண்டி மோதியது. வயது 56. வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் வந்தது. விலை 4,800 யென், கருப்பு வெள்ளைத் திரை, ஒரே ஒரு பேட்டரி, 30 மணி நேரம். பழைய கொள்கை மாறவே இல்லை. அதனுடன் வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு 'குன்பே' என்றே பெயர் வைத்தார்கள்.

போக்கிமான் கடல் தாண்டி 1998-ல் அமெரிக்கா போனதை அவர் பார்க்கவில்லை. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து ஏறக்குறைய 11 கோடியே 87 லட்சம் விற்றதையும்தான். கேம் கியர் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி.

துணைக்கருவிப் பிரியர்களுக்கு அந்தத் துளை ஒரு பொற்காலத்தையே கொடுத்தது. 1998-ல் கேம் பாய் கேமராவும் பிரிண்டரும் வந்தன. 128-க்கு 112 புள்ளியில் கருப்பு வெள்ளைப் படம். பஸ்ஸில் டிக்கெட் அடிக்கும் தாள் மாதிரி வெப்பத்தாளில் அச்சு, பின்னால் ஒட்டவும் செய்யலாம். பிரிண்டர் இணைவது கேபிள் துளையில்தான். இருட்டில் ஆட, புழு மாதிரி நெளியும் ஒரு விளக்கு விற்றார்கள். அதுவும் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் (விளக்கைச் செருகினால் கேபிளுக்கு இடமில்லை, வெளிச்சமா நண்பனா முடிவு செய்துகொள்!). 2001-ல் ஜப்பானில் கைபேசியோடு இணைத்து தூரத்து ஊர்க்காரனோடு மாற்றிக்கொள்ள ஒரு அடாப்டர் வந்தது. 2002-லேயே அந்தச் சேவை மூடப்பட்டது. இதெல்லாம் போகட்டும், தையல் மிஷினே வந்தது. 2000-ல் சிங்கர் ஐசெக். எந்தத் தையல் வேண்டும் என்று கேம் பாய் திரையில் தேர்ந்தெடுத்தால், கேபிள் வழியாகச் செய்தி போய் மிஷின் தைக்கும். என் பாட்டியிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை.

அப்புறம் கம்பியில்லாக் காலம். 2004-ல் வந்த நின்டெண்டோ டி.எஸ். காற்றிலேயே பேசிக்கொண்டது, கேபிளுக்கு வேலை போனது. ஆனால் பழைய பிரியர்களுக்கு அதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. 2002-ல் வந்த போக்கிமான் ரூபியும் சஃபையரும் பழைய கார்ட்ரிட்ஜ்களோடு மாற்றிக்கொள்ளவே முடியாதபடி செய்யப்பட்டிருந்தன. அதுவரை பிடித்து வளர்த்தவை எல்லாம் அந்தக் கரையிலேயே நின்றுபோயின.

நிற்கவும் முடியாது என்பதுதான் சிக்கல். அந்தப் பழைய கார்ட்ரிட்ஜ்களில் நாம் சேமித்ததைக் காப்பது உள்ளே பற்றவைத்த ஒரு நாணய அளவு பேட்டரி. அது தீர்ந்தால் சேமித்தது எல்லாம் அழியும். 90-களின் பேட்டரிகள் இப்போது ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. அதனால் சிலர் இன்றும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு கேம் பாய்களைத் தேடி எடுத்து, மஞ்சள் பூத்த கேபிளைத் துடைத்து இரண்டு துளையிலும் செருகி, பத்து வயதில் பிடித்த ஜீவன்களை ஒவ்வொன்றாக வேறொரு கார்ட்ரிட்ஜுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அந்தக் கம்பி சும்மா எதையும் வாங்கிக்கொள்ளாது இல்லையா, அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக வழியில் பிடித்த ஏதோ ஒரு சோப்ளாங்கிப் புறாவைக் கொடுக்க வேண்டும். பிறகு கார்ட்ரிட்ஜைத் திறந்து, பழைய பேட்டரியை எடுத்துப் புதுசைப் பற்றவைத்து, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, கேபிள் மாற்றம் நடக்கும் அறை திறக்கும்வரை ஆடி, எல்லாவற்றையும் மறுபடி அதே வழியாகத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.